அந்த மூன்றில் ஒரு பங்கு: சங்ரூர் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்ரூர் மாவட்டத் துணை ஆணையர் அவர்களுக்கும் பஞ்சாப் ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்துத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கோதுமை அறுவடை முடிந்து நெல் நடவு தொடங்கும் முன், உங்கள் கிராமங்களில் ஷாம்லாட் எனப்படும் ஊர்ப் பொது நிலங்கள் ஏலத்துக்கு வரும். 1961ஆம் ஆண்டு கிராமப் பொது நிலச் சட்டத்தின் விதிகளின்படி, அதில் சாகுபடி நிலத்தின் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்கே குத்தகைக்கு விட வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் தலித்துகள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த வயல் கிடையாது. அவர்களுக்கென்று சட்டம் ஒதுக்கியது இந்தப் பங்கைத்தான்.

பல ஊர்களில் அது பெயரளவில்தான் அவர்களுக்குப் போகிறது. பெரிய விவசாயியிடம் கடன்பட்டு, அவரிடமே ஆண்டுக் கூலிக்கு இருக்கும், சீரி எனப்படும் பண்ணையாள் ஒருவர் ஏலம் கேட்கிறார். பதிவேட்டில் அவர் பெயர். பணமும் விளைச்சலும் அந்த விவசாயியுடையவை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இது ஏலம் நடத்தும் வட்டார அலுவலருக்கு மட்டும் தெரியாது என்று நான் நம்பவில்லை.

நிலமில்லாத வீட்டில் ஓர் எருமை இருந்தால், அதற்குப் புல் தேடி அடுத்தவர் வரப்புக்குப் போவது பெண்கள். அங்கே அவர்கள் வாங்கும் ஏச்சும் சாதிப் பேச்சும் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. புகார் கொடுத்தால் மறுநாள் எந்த வயலுக்குப் போவது? பலத் கலான் போன்ற ஊர்களில் தலித் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து நிலத்தை எடுத்துக் கூட்டாகப் பயிரிட்டபோது, தீவனத்துக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். சொந்தப் பயிரில் அரிவாள் வைக்கும் பெண்ணை யாரும் விரட்ட முடியாது. அந்த மரியாதைக்காகவே இந்தப் போராட்டங்களில் பெண்கள் முன்னால் நிற்கிறார்கள்.

அவர்கள் கொடுத்த விலை பெரிது. 2014இல் பலத் கலானில் தடியடி. 2016 அக்டோபரில் ஜலூரில் தலித் வீடுகள் தாக்கப்பட்டு, வெட்டுக்காயம் பட்ட மூதாட்டி ஒருவர் அடுத்த மாதம் இறந்தார். 2020 ஊரடங்கில் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் வர முடியாமல் நடவுக்கூலி உயர்ந்தபோது, சில பஞ்சாயத்துகள் கூலிக்கு உச்சவரம்பு வைத்துத் தீர்மானம் போட்டன. மீறினால் ஊர்விலக்கு என்றும் மிரட்டின. வயலும் வரப்பும் அடுத்தவர் கையில் இருக்கும்வரை இந்த மிரட்டல் பலிக்கும்.

குத்தகைப் பணம்தான் பஞ்சாயத்தின் முக்கிய வருமானம், ஏலம் இல்லாவிட்டால் தெருவிளக்குக்குக்கூட வழியில்லை என்பீர்கள். அது உண்மையான கவலைதான். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு நிலம் அதற்கு இருக்கிறதே! நிலமற்றவருக்கென ஒதுக்கியதைப் பணம் அதிகம் வைப்பவருக்குக் கொடுப்பது ஒதுக்கீட்டையே ரத்து செய்வதற்குச் சமம்.

ஆகவே கேட்கிறேன். இந்தப் பங்குக்கு ஏலப் போட்டியை நிறுத்தி, கட்டக்கூடிய ஒரு தொகையை முன்கூட்டியே அறிவித்து, சேர்ந்து கேட்கும் தலித் குடும்பங்களுக்குக் கூட்டாகக் கொடுங்கள். ஒரே ஆண்டுக் குத்தகையில் மண்ணுக்கு எரு போட யாருக்கும் மனம் வராது. சில ஆண்டுகளுக்காவது கொடுங்கள். ஏல நாளைத் தலித் குடியிருப்பின் பொதுக்கூடமான தர்மசாலையில் நேரத்தோடு அறிவியுங்கள். விதைப்புக்குப் பிறகு உங்கள் அலுவலர் வயலுக்கே போய், யார் உழுகிறார் என்று பார்த்து எழுதட்டும். பினாமி என்று தெரிந்தால் குத்தகையை அந்தப் பருவத்திலேயே ரத்து செய்யுங்கள். நிலம் கேட்டதற்காகப் போடப்பட்ட பழைய வழக்குகளையும், அடுத்த ஏலத்துக்கு முன், திரும்பப் பெற அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள்.