போட்டித் தேர்வுப் பக்கத்தில் தீர்ப்புகளின் இன்றைய நிலையையும் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் போட்டித் தேர்வுப் பக்கத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். குடிமைப் பணித் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சி குரூப் 1 தேர்வுக்கும் தமிழ் வழியில் தயாராகும் இளைஞர்கள் சிலருக்கு அரசமைப்பு, ஆட்சியியல், சுற்றுச்சூழல் ஆகிய பாடங்களை மாலை நேரங்களில் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். அப்பக்கத்தின் நடப்பு நிகழ்வுகள் பகுதியில் சட்டமும் சுற்றுச்சூழலும் சார்ந்த செய்திகள் தரப்படும் முறையை மாற்ற வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம். ஒரு தீர்ப்பு வந்த மறுநாள் அது ஒற்றை வரியில் அச்சாகிறது. அதற்குப் பிறகு அந்தத் தீர்ப்புக்கு என்ன நேர்ந்தது, அது நிலைத்ததா, திரும்பப் பெறப்பட்டதா, நிறுத்திவைக்கப்பட்டதா என்பது பெரும்பாலும் அப்பகுதிக்குள் வருவதே இல்லை.

இதனால் விளையும் கேட்டை உணர்வதற்கு 2025 நவம்பர் 18 முதல் 20 வரையிலான மூன்று நாள்களே போதும். 18ஆம் தேதி, சுற்றுச்சூழல் அனுமதி குறித்துத் தானே ஆறு மாதங்களுக்கு முன் வழங்கியிருந்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் திரும்பப் பெற்றது. 19ஆம் தேதி, 2021ஆம் ஆண்டின் தீர்ப்பாயச் சீர்திருத்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, முன்பே ரத்து செய்யப்பட்ட விதிகளை நாடாளுமன்றம் சற்றே மாற்றி மீண்டும் கொண்டுவந்திருக்கிறது என்று கூறி ரத்து செய்தது. 20ஆம் தேதி, மசோதாக்கள் மீதான ஆளுநர், குடியரசுத் தலைவர் ஆகியோரின் அதிகாரம் பற்றிய கருத்துரை வந்தது. அதே நாளில் வடமேற்கு இந்தியாவின் ஆரவல்லி மலைகளுக்கான புதிய வரையறையும் ஏற்கப்பட்டது. இவற்றை நான்கு வரிகளாக மனப்பாடம் செய்த மாணவருக்கு மூன்று தேதிகள் நினைவிருக்கும். அவற்றில் எது இன்றும் செல்லும், எதன் முன்கதை என்ன என்று கேட்டால் அவரால் விடை சொல்ல இயலாது.

முதல் வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு திட்டத்தின் பணிகள் தொடங்குவதற்கு முன்பே அனுமதி பெற்றாக வேண்டும். அனுமதி பெறாமல் பணியைத் தொடங்கியவர்களுக்கும் பின்னர் அனுமதி வழங்க 2017 மார்ச் மாத அறிவிக்கையும் 2021 ஜூலை மாத அலுவலகக் குறிப்பாணையும் வழிவகுத்தன. வனசக்தி என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில் 2025 மே 16 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அவ்விரண்டையும் ரத்து செய்து, அத்தகைய அனுமதிகளை இனி வழங்கக் கூடாது என்று தடை விதித்தது. நவம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு 2:1 என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. சம எண்ணிக்கையிலான நீதிபதிகளைக் கொண்ட அமர்வுகள் முன்னர் அளித்த தீர்ப்புகள் கருத்தில் கொள்ளப்படவில்லை என்பதும், கட்டி முடிக்கப்பட்ட பொதுத் திட்டங்களை இடிக்க நேரிடும் என்பதும் பெரும்பான்மைத் தரப்பு கூறிய காரணங்களுள் முக்கியமானவை. மே மாத அமர்வில் இருந்த நீதிபதி புயான், கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை வலியுறுத்தி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். வழக்கு புதிதாக விசாரிக்கப்பட வேண்டும் என்பதே அந்த உத்தரவின் விளைவு.

என்னிடம் படிக்கும் மாணவி ஒருவரின் குறிப்பேட்டில் இது எப்படிப் பதிவாகியிருந்தது என்பதைப் பார்த்தேன். மே மாதப் பக்கத்தில், "பணி தொடங்கிய பின் சுற்றுச்சூழல் அனுமதி: ரத்து" என்று சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். நவம்பர் பக்கங்களில் அவ்வழக்கின் பெயரே இல்லை. கவனக்குறைவு என்று அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவர் நம்பிப் படித்த தொகுப்புகளில் மே மாதச் செய்தி இருந்தது, நவம்பர் மாதச் செய்தி இல்லை. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறைக்கப்படுகிறது. பாதி தெரிந்த செய்தி, முற்றிலும் தெரியாத செய்தியைவிட அதிகமான தீங்கைச் செய்யும் தேர்வு அது.

ஆளுநர் விவகாரம் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நெருக்கமானது. ஆகவே அதில் குழப்பமே இருக்காது என்று நினைத்திருந்தேன். ஆனால் குழப்பம் இங்கேதான் அதிகம். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று முழு நீதி வழங்கத் தேவையான ஆணை பிறப்பிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 142இன் கீழ் அறிவித்து, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கால வரம்பு வகுத்தது. அதையடுத்து, உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வகைசெய்யும் பிரிவு 143இன் கீழ் குடியரசுத் தலைவர் பதினான்கு கேள்விகளை உச்ச நீதிமன்றத்திடம் அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, நீதிமன்றம் கால வரம்பு விதிக்க இயலாது என்றும், ஒப்புதல் அளித்ததாகக் கருதும் முறை அரசமைப்புக்கு ஏற்றதன்று என்றும் கருத்துரைத்தது. அதே வேளையில், காரணமின்றி நீண்ட காலம் மசோதாவைக் கிடப்பில் போட்டால் நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்குமாறு ஆளுநருக்கு வரம்புக்குட்பட்ட ஆணை பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றும், மசோதாவைத் திருப்பி அனுப்பாமலேயே ஒப்புதலை நிறுத்திவைக்க ஆளுநரால் முடியாது என்றும் அது கூறியது. இவ்விரண்டு பகுதிகளும் ஒரு வரிச் செய்தியில் காணாமல் போகின்றன. "கால வரம்பு இல்லை" என்பது மட்டுமே எஞ்சுகிறது. பிரிவு 143இன் கீழ் வழங்கப்படுவது கருத்துரைதான், அது ஏப்ரல் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு ஆகாது என்ற அடிப்படை வேறுபாட்டையும் முதன்மைத் தேர்வு எழுதப்போகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

ஆரவல்லியைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. சுற்றியுள்ள நிலமட்டத்திலிருந்து 100 மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்த நில அமைப்பே ஆரவல்லி மலை என்ற வரையறையை நவம்பர் 20 அன்று ஏற்ற உச்ச நீதிமன்றம், டிசம்பர் 29 அன்று தானாக முன்வந்து அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. இடைப்பட்ட காலம் ஆறு வாரங்கள்கூட இல்லை.

ஒரு செய்தியை முழுமையாகத் தந்தால் மாணவர் எவ்வளவு கற்க முடியும் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. சமணர் படுகைகளும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள அவ்வூர்ப் பகுதியில் சுமார் 193 ஹெக்டேர் நிலம், உயிரியல் பன்மைச் சட்டம் 2002இன் பிரிவு 37இன் கீழ், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. "தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் எது?" என்ற கேள்வியோடு பெரும்பாலான தொகுப்புகள் நின்றுவிடுகின்றன. ஆனால் 2024 நவம்பரில் அப்பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, சுமார் 2,015 ஹெக்டேர் பரப்பில், ஏலம் விடப்பட்டது. மாநில அரசு பாதுகாத்த நிலத்தை மத்திய அரசு எப்படி ஏலம் விட்டது என்று கேட்கத் தொடங்கினால் பாடம் விரிகிறது. மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரித்துக்காட்டும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் சுரங்கங்கள் பற்றிய மாநிலப் பட்டியலின் 23ஆவது பதிவு, மத்தியப் பட்டியலின் 54ஆவது பதிவுக்கு உட்பட்டது. அந்த 54ஆவது பதிவின் அடிப்படையில் அமைந்த சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் 2023இல் திருத்தப்பட்டு, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே உரியதாயிற்று. ஏலம் மத்திய அரசுடையது, குத்தகை ஆவணம் வழங்க வேண்டியதும் வருவாய் பெறுவதும் மாநில அரசு. கூட்டாட்சி குறித்த ஒரு முதன்மைத் தேர்வு வினாவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இன்னும் கேட்கலாம். பல்லுயிர்ப் பாரம்பரியத் தல அறிவிப்பு சுரங்கத்தைத் தானாகவே தடுத்துவிடுமா? பிரிவு 37இல் அத்தகைய வெளிப்படையான தடை எதுவும் இல்லை. பாதுகாப்புக்கான விதிகளை மத்திய அரசுடன் கலந்து மாநில அரசு வகுக்கலாம் என்றுதான் இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராம சபைகள் இயற்றிய எதிர்ப்புத் தீர்மானங்களுக்குச் சட்ட வலு என்ன? பழங்குடியினருக்கென அறிவிக்கப்படும் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை என்பதால், கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும், பட்டியல் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டின் பஞ்சாயத்து நீட்டிப்புச் சட்டம் அங்கே துணைக்கு வராது. ஆயினும் மக்களின் போராட்டமும், 2024 டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறிய தீர்மானமும் சேர்ந்து, 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்யும் நிலையை உருவாக்கின. மேலூர் பகுதி மக்களுக்கு அது பெரும் வெற்றி. ஆனால் அதோடு கதை முடிந்துவிடவும் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை, அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றுக்கான சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. டங்ஸ்டனும் அந்த வகையில் அடங்கும். அரிட்டாபட்டியைப் பற்றிய ஒரு வரியை மட்டும் படித்தவருக்கு இந்தக் குறிப்பாணையின் கனம் புரியப்போவதில்லை.

சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களான ராம்சார் தலங்களும் இப்படித்தான் எண்ணிக்கையாகச் சுருங்கிவிட்டன. தமிழ்நாட்டில் 20 தலங்கள், நாட்டிலேயே அதிகம் என்பதை எந்த மாணவரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஆனால் ராம்சார் அங்கீகாரம் பெற்ற ஈரநிலத்துக்கு 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் பொருந்தும் என்பதும், அவ்விதிகள் ஆக்கிரமிப்பையும், கழிவு கொட்டுவதையும், கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானத்தையும் தடை செய்கின்றன என்பதும் அவர்களுள் பலருக்குத் தெரிவதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையொட்டிக் கட்டடங்கள் எழுவது குறித்த செய்தி வரும்போதெல்லாம் இந்த விதியையும் இரண்டு வரிகளில் சேர்த்துச் சொன்னால், நாளை ஓர் ஊரின் கோட்டாட்சியராகப் பொறுப்பேற்கப்போகிறவருக்கு அது தேர்வறையைத் தாண்டியும் பயன்படும். தேர்ச்சி பெற்றவர்களின் மேசைக்கு ஏரி ஆக்கிரமிப்புக் கோப்புகளும் கல்குவாரிக் கோப்புகளும் வரத்தான் போகின்றன.

தமிழ் நாளிதழிடம் இதைக் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்படுகிறது. ஆங்கில வழியில் படிப்பவருக்குத் தீர்ப்புகளை அலசும் சட்ட இணையதளங்களும், மாத இதழ்களும், பயிற்சி மையங்களின் தொகுப்புகளும் ஏராளம். தமிழ் வழியில் படிக்கும் கிராமப்புற மாணவருக்கு நம்பத்தக்க ஆதாரம் என்று பார்த்தால், பாடநூல்களுக்கு அடுத்தபடியாகத் தமிழ் நாளிதழ்தான். பிற இடங்களில் அவர் வாங்கிப் படிக்கும் தொகுப்புகள் பலவும் நாளிதழின் ஒரு வரிச் செய்தியை அப்படியே எடுத்து அச்சிட்டவையாகவே இருக்கின்றன. ஆகவே நாளிதழில் விடுபட்டது அங்கேயும் விடுபடுகிறது.

நான் கேட்பது மிகையானதன்று. நாள்தோறும் இடம் ஒதுக்க முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாள் அரைப்பக்கம் போதும். அதில் ஒரே ஒரு தீர்ப்பையோ சட்டத் திருத்தத்தையோ எடுத்துக்கொண்டு, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எத்தனை நீதிபதிகள் அமர்வு, முன்பு என்ன நிலை, இப்போது என்ன மாற்றம், மாறுபட்ட தீர்ப்பு உண்டா என்பதைச் சொல்லலாம். முன்பு அச்சான ஒரு செய்தியை மாற்றும் உத்தரவு வந்தால், முந்தைய செய்தி வெளியான தேதியைக் குறிப்பிட்டு அதே பக்கத்தில் கட்டம் கட்டி அறிவிக்க வேண்டும். வழக்கறிஞர்களும், ஓய்வுபெற்ற ஆட்சிப் பணி அதிகாரிகளும், சட்டக் கல்லூரி ஆசிரியர்களும் தங்கள் வாசகர்களிடையே நிச்சயம் இருப்பார்கள். அழைத்தால் எழுதித்தர அவர்களில் பலர் முன்வருவார்கள் என்று நம்புகிறேன். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பும் இப்போது இணையத்தில் கிடைப்பதால் அவர்களின் பணி எளிதாகும்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், கோதவர்மன் வழக்கைப் பரிந்துரைப்பேன். நீலகிரியில் மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி 1995இல் தொடுக்கப்பட்ட அவ்வழக்கில், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்று 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, 2023ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தால் கேள்விக்குள்ளானது. திருத்தத்தை எதிர்த்த வழக்கில், அந்த அகராதிப் பொருளையே தொடர்ந்து பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரி 19 அன்று இடைக்கால உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. ஒரு வழக்கு முப்பது ஆண்டுகளாக எப்படி உயிரோடு இருக்கிறது என்பதை நம் மண்ணில் பிறந்த வழக்கைக் கொண்டே மாணவர்களுக்குக் காட்டிவிட முடியும். அடுத்த முதல்நிலைத் தேர்வுக்கு முன்பாகவே இப்பகுதி தொடங்கப்பட்டால், இந்த முறை தேர்வெழுதுபவர்களுக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்ட நாள் வாசகர்,
மதுரை.