இடது ஓரத்தில் நின்றவர்கள்

அன்புள்ள மூர்த்தி,

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. கட்டுப் பிரித்துவிட்டு வந்து, "எப்போதம்மா சுவருக்கு வெள்ளையடித்தீர்கள்?" என்று மருமகளிடம் கேட்டாயாமே. படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த பேத்தி எழுந்துவிட்டாள்.

இங்கே மகள் வீட்டில் எல்லாரும் சுகம். என் முழங்கால்தான் இந்தக் குளிரோடு தினமும் சண்டை போடுகிறது. போன வாரம் ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். அறை அறையாகப் படங்கள். நான் ஒரே ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன். மாப்பிள்ளை மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் வரைந்தது. நம் போட்டோ ஸ்டுடியோவில் வாய்க்கு வாய் 'ரெம்ப்ராண்ட் லைட்டிங்' என்போமே, நிழல் பக்கத்துக் கன்னத்தில் முக்கோணமாக வெளிச்சம் விழவைத்து அதற்குத் தனியாகக் காசு வாங்குவோமே, அந்த ரெம்ப்ராண்ட்தான். படத்தின் பெயர் 'நைட் வாட்ச்'. 1642-ல் முடித்தது. பன்னிரண்டரை அடி உயரம், பதினைந்தடி அகலம் இருக்கும்.

நமக்குப் பழக்கமான பாஷையில் சொன்னால் அது ஒரு குரூப் போட்டோ. நகரக் காவல் படையைச் சேர்ந்த வசதியானவர்கள் தங்கள் கட்டடத்தில் மாட்டுவதற்காகக் காசு போட்டு வரையச் சொன்னது. சராசரியாக ஆளுக்கு நூறு கில்டர், அந்தக் காலத்து டச்சுக் காசு. படத்தில் நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடவோ குறையவோ கொடுத்தோம் என்று அவர்களில் ஒருவரே பிற்பாடு சாட்சி சொல்லியிருக்கிறார். நடு நாற்காலிக்கு நடந்த சண்டைகள் ஞாபகம் வருகிறதா?

ஆனால் இந்த மனிதர் யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை. ஒருவர் துப்பாக்கியில் மருந்து போடுகிறார், ஒருவர் முரசு அடிக்கிறார், முரசைப் பார்த்து நாய் குரைக்கிறது. வலப்பக்கம் ஒருவர் கையை நீட்டி ஏதோ காட்ட, பின்னால் நிற்பவரின் பாதி முகம் அந்தக் கைக்குப் பின்னால் போய்விட்டது. நம்மிடமாக இருந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். காசே கொடுக்காத ஒரு சிறுமிக்கோ தங்க நிற உடை, அத்தனை வெளிச்சம்! அவள் இடுப்பில் ஒரு கோழி தலைகீழாகத் தொங்குகிறது. அதன் கால் நகங்கள்தான் அந்தப் படையின் சின்னமாம்.

நான் அதிக நேரம் பார்த்தது ஒரு நிழலைத்தான். கேப்டன் பானிங்க் கோக் கறுப்பு உடையில் இடது கையை முன்னால் நீட்டிப் பேசிக்கொண்டே நடக்கிறார். அந்தக் கையின் நிழல் பக்கத்தில் வரும் லெஃப்டினன்டின் மஞ்சள் கோட்டில் விழுகிறது. விரல் விரலாகத் தெரிகிறது. இடப்பக்கம் மேலேயிருந்து வரும் வெயில் அது. இதில் ராத்திரி எங்கே? வார்னிஷ் மங்கி அழுக்கேறிப் படம் இருண்டுபோனதால் பின்னால் யாரோ வைத்த பெயர் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சுத்தம் செய்தபோது பகல் வெளியே வந்தது. உன் சுவர் கதைதான் போ. பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

போரின்போது சுருட்டிக் குகையில் வைத்திருந்தார்கள், 1975-ல் ஒருவன் கத்தியால் கிழித்தான், 1990-ல் இன்னொருவன் ஆசிட் அடித்தான். அதெல்லாம்கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 1715-ல் நகர மண்டபத்துக்கு மாற்றியபோது இரண்டு கதவுகளுக்கு நடுவே படம் அடங்கவில்லை என்று நாலு பக்கமும் வெட்டியிருக்கிறார்கள். இடப்பக்கம் மட்டும் ஏறக்குறைய இரண்டடி. அங்கே நின்ற இரண்டு ஆண்களும் ஒரு சிறுவனும் போயே போய்விட்டார்கள். வெட்டிய துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

நல்ல வேளை, வெட்டுவதற்கு முன்பே லுண்டென்ஸ் என்ற ஓவியர் சின்னதாக ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். அதை வைத்துக் கம்ப்யூட்டரால் விட்டுப்போன ஓரங்களை உருவாக்கி, 2021-ல் மூலப் படத்தைச் சுற்றிப் பொருத்திக் காட்டினார்களாம். மகள் போனில் அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். இடது ஓரம் சேர்ந்ததும் கேப்டனும் லெஃப்டினன்டும் நடுவிலிருந்து விலகிவிடுகிறார்கள். முன்னால் நடக்க இடம் கிடைக்கிறது, மொத்தப் படையும் நகர்கிறது! வெட்டிய படத்தில் இரண்டு பேரும் நடு மத்தியில் போஸ் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

அங்கே நின்றபோதுதான் அந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழா போட்டோ நினைவுக்கு வந்தது. பிரேம் சின்னதாகப் போய்விட்டது என்று கட்டரில் வைத்து இடது ஓரத்தை நான்தான் நறுக்கினேன். ஓரத்தில் நின்ற பியூனும் தண்ணீர் ஊற்றும் ஆயாவும் போனார்கள். மறுநாள் பியூன் மகனைக் கூட்டிக்கொண்டு காட்ட வந்து, கண்ணாடி மேல் விரலை வைத்துத் தேடினாரே. நீ தேநீர் வாங்கப் போகிறேன் என்று நழுவிவிட்டாய். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

உன் வீட்டுப் பரணில் நம் தகரப் பெட்டி இன்னும் இருக்கிறதா? கண்தான் தெளிவாகிவிட்டதே, டாக்டர் சொன்ன நாள் கணக்கு முடிந்ததும் நெகட்டிவ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார். பூஞ்சை பிடிக்காமல் அந்த ஆண்டு விழா நெகட்டிவ் மட்டும் கிடைத்தால் போதும். நான் பங்குனியில் வருகிறேன். பியூன் வீடு உனக்குத் தெரியும்தானே?

உன் பழைய பார்ட்னர்