அண்டி ஆபீஸ் யாருக்கு? மகளுக்கு எழுதியது

அன்பு மக்களே,

இயேசுவுக்கே புகழ். போனில் நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் அண்டி ஆபீஸை, அதுதான் இந்த முந்திரிப் பருப்பு ஆலையை, "வித்துட்டா என்னப்பா? நீங்களும் அம்மாவும் நிம்மதியா இருக்கலாமே" என்றாய். எங்கள் மேல் உள்ள பாசத்தில் கேட்டது, தெரியும். கல்யாண மண்டபம் கட்ட இடம் கேட்டு வந்தவர் சொன்ன தொகையும் சின்னதில்லை. ஆனாலும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஏன் என்று நிதானமாக எழுதுகிறேன். படித்துவிட்டு நீ சண்டை போட்டாலும் சரி.

முதலில் சொத்து. அதில் குழப்பமே வேண்டாம். உனக்கும் அண்ணனுக்கும் சரிபாதி என்று உயில் எழுதியாயிற்று. உன் அத்தைக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்ததோடு சரி, ஒரு சென்ட் நிலம் கிடையாது. பழைய திருவிதாங்கூர் சட்டத்தில் கிறிஸ்தவ வீட்டு மகளுக்கு மகனுடைய பங்கில் கால்பாகம், இல்லையென்றால் 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். 1956இல் நம் கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் வீடுகளில் அந்தப் பழக்கம் லேசில் போகவில்லை. கோட்டயத்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய், மகளுக்கும் சம பங்கு என்று 1986இல் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் பல அப்பன்மார் வாயடைத்தார்கள். ஆகவே பாதி என்பது நான் உனக்குச் செய்யும் தயவு இல்லை, உன் உரிமை.

ஆனால் அண்டி ஆபீஸ் வெறும் சொத்து மட்டும் இல்லை. நான் சொல்ல வந்ததே இதுதான். நிலத்தை இரண்டாக அளந்து கல் நடலாம். உடைப்பு ஷெட்டில் இருக்கிறவர்களை எப்படி இரண்டாக அளப்பது?

1891 மே 15 அன்று திருத்தந்தை (போப்) பதின்மூன்றாம் லியோ தொழிலாளரைப் பற்றி 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல் எழுதினார். சொத்து வைத்துக்கொள்ள மனிதனுக்கு உரிமை உண்டு என்று அதில் உறுதியாகச் சொல்கிறார். அதே கையோடு, உழைத்தவன் கூலியைப் பிடிப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்றும் எழுதுகிறார். இரண்டும் ஒரே மடலில். நம் நட்டாலத்துத் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டதும் ஒரு மே 15தான், 2022இல். அவர் சாமியார் இல்லை. அரண்மனையில் உத்தியோகம் பார்த்த இல்லறத்தார். எல்லாச் சாதியாரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர். இப்போதைய திருத்தந்தை ஏன் லியோ என்று பேர் வைத்துக்கொண்டார் என்பதும் உனக்குத் தெரியும். அந்தப் பழைய மடலை நினைத்துத்தான் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட உடனே அவரே கர்தினால்களிடம் சொன்னார்.

எனக்கு இன்னும் நெருக்கமானவை திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எழுதியவை. மூலதனத்தைவிட உழைப்புக்கே முதல் இடம் என்றார் 1981இல். 1991இல் இன்னும் ஒரு படி மேலே போய், தொழில் என்பது லாபத்துக்காக மட்டும் இல்லை, அது மனிதர்கள் கூடி நிற்கும் ஒரு சமூகம் என்றார். கணக்குப் புத்தகம் சுத்தமாக இருக்கும்போதே அங்கே வேலை செய்கிறவர்கள் அவமானப்பட்டுக்கொண்டு இருக்கலாம் என்றும் எழுதினார். நீ ஆடிட்டர், இந்த வரியை நீ என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வாய்.

நம் ஆபீஸில் சாயங்காலம் எடை போடுவதை நீ கவனித்திருக்கிறாயா என்று தெரியவில்லை. தொலி உரித்த பருப்பைத் தட்டில் கொட்டுவார்கள். முழுசு தனி, உடைசல் தனி. எடைக்குத்தான் கூலி என்பதால் அந்த முள் நிற்கும் இடம்தான் அவர்களுடைய அன்றைய நாள். சில இடங்களில் தராசு முதலாளி பக்கம் பார்த்து இருக்கும். நம் இடத்தில் உன் தாத்தா காலம் முதல் அது வேலை செய்கிறவர் பக்கம் பார்த்து இருக்கிறது. எடையை அவரே வாசித்து, அவருடைய நோட்டில் அவரே எழுதுவார். அப்புறம்தான் நம் நோட்டு. எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகும் இதை மாற்ற நான் விடவில்லை. அண்டியின் ஓட்டிலிருந்து கசியும் தோட்டு எண்ணெய் பட்டுத் தோல் உரிந்த விரலுக்குச் சாம்பல் பூசிக்கொண்டு காலை முதல் உட்கார்ந்தவர் தன் எடையைத் தானே சத்தமாகப் படிக்கிறாரே, அதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. நின்று பார்த்தால் தெரியும்.

இடத்தை விற்றால் இவர்கள் எங்கே போவார்கள்? பணிக்கொடையைச் சட்டப்படி கொடுத்துவிடலாம். வருடத்துக்கு 15 நாள் சம்பளம். அது அவர்களுக்கு நாம் பட்ட கடன், அதைப் பெரிய மனசு என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதை வாங்கிக்கொண்டு ஐம்பது வயதுக்கு மேல் இன்னொரு ஆபீஸ் வாசலில் போய் நின்றால் யார் சேர்ப்பார்கள்?

தொழில் லேசு என்று உன்னிடம் நான் சொல்லமாட்டேன். ஆப்பிரிக்காவிலிருந்து தோடோடு வரும் அண்டியின் விலை நம் கையில் இல்லை. வியட்நாம்காரர்கள் எல்லாவற்றையும் மெஷினில் ஓட்டி விலையை இறக்குகிறார்கள். ஒரு பவுண்டு எடைக்கு 180 எண்ணம் நிற்கும் பெரிய பருப்புக்கு நல்ல விலை உண்டு. ஆனால் நமக்கு அதிகம் தேறுவது 320 எண்ணம் நிற்கும் சின்னப் பருப்புதான். வங்கி வட்டி வேறு. இத்தனைக்கும் நடுவில் இது நிற்கும் என்றுதான் நம்புகிறேன். உன்னைப் போல் கணக்கு தெரிந்தவர் ஒருவர் இருந்தால் நன்றாகவே நிற்கும்.

அண்ணன் மஸ்கட்டிலிருந்து வெளிப்படையாகச் சொல்லிவிட்டான், தனக்கு இதில் நாட்டமில்லை என்று. அவனுக்குப் பாதிக்குரிய வாடகையும் லாபமும் போகும். நிர்வாகம் வேண்டாம். உனக்கும் வேண்டாம் என்றால் தாராளமாகச் சொல். ரத்தம் என்பதற்காக ஒருவரை அந்த நாற்காலியில் கட்டிப்போட எனக்கு விருப்பமில்லை. மனமில்லாத முதலாளிக்குக் கீழே வேலை செய்கிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுவார்கள்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் ஒன்று மட்டும் நடக்கும். கூட்டாண்மைப் பத்திரத்தை மாற்றி எழுதுகிறேன். தரம் பிரிக்கும் மேசையில் மேஸ்திரியாக இருக்கும் பெரியம்மாவை ஒரு பங்குதாரராகச் சேர்க்கிறேன். நீ சின்ன வயதில் அவர் மடியில் தூங்கியிருக்கிறாய். லாபத்தில் ஒரு பகுதி வருடக் கடைசியில் எல்லாருக்கும் போனஸுக்கு மேல் போகவேண்டும் என்று தனி ஷரத்து. தொழிலாளரை லாபத்திலும் நிர்வாகத்திலும் சேர்த்துக்கொள்வது நல்லது என்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் (பயஸ்) 1931லேயே எழுதிவிட்டார். நாம் ஒன்றும் புதுசாகக் கண்டுபிடிக்கவில்லை. ஷெட்டில் மேசையை எப்படிப் போடுவது, யாருக்கு எப்போது லீவு என்பதையெல்லாம் இனி அவர்களே பேசி முடிக்கட்டும். அதற்கு நான் எதற்கு?

உன்னிடம் நான் கேட்பது ஒரு சீசன். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. லீவு எடுத்துக்கொண்டு வா. வந்ததும் ஆபீஸ் ரூமில் உட்காராதே. முதல் இரண்டு வாரம் தொலி உரிக்கிற ஷெட்டில் கத்தியோடு இரு, அப்புறம் தரம் பிரிக்கிற மேசை, கடைசியில் கணக்கு. அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

பத்திரத்தின் நகலை வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறேன். ஏழாவது ஷரத்தில் லாபப் பங்கை எப்படிக் கணக்கிடுவது என்று வக்கீல் எழுதியிருப்பது எனக்குத் திருப்தியாக இல்லை. தேய்மானத்தைக் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா? நஷ்டம் வரும் வருடத்தில் என்ன செய்வது? நீ பார்த்துத் திருத்தி அனுப்பு. வக்கீலை அடுத்த வாரம் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா