ரோந்துக் காவலருக்கும் எங்கள் தெருவுக்கும் ஒரு நன்றி மடல்

எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும், ஊர்க்காரர்களுக்கும், காவல் நிலையத்தில் பணிபுரியும் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் தெரு வீடுகளில் நடந்த திருட்டில் போன அம்மாவின் நகைகள் நேற்று நீதிமன்றத்திலிருந்து கைக்கு வந்துவிட்டன. என்ன நடந்தது, யார் யார் வீட்டில் என்ன போனது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுதி அம்மாவைப் படிக்க வைக்க எனக்கு மனமில்லை. நன்றி சொல்வதற்காக மட்டும் எழுதுகிறேன். மனசு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை, அதனால் வரிசை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி எங்கள் தெருவுக்கு இரவு ரோந்து வந்த காவலருக்கு. பெயர் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் அவர் செய்தது ஊருக்குத் தெரியாமல் போகக் கூடாது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அம்மாவை என்னோடு திருப்பூருக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன். "அப்பா கட்டின வீட்டைப் பூட்டிப் போட்டுட்டு நான் எங்கே வர்றது" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் அவர் ராத்திரியில் தூங்குவதில்லை என்பது எனக்குத் தெரியாது. ஃபோனில் கேட்டால் "நல்லாத் தூங்குறேன்" என்பார். அவருக்குத் தூக்கமே இல்லை என்பதைக் கண்டுபிடித்தவர் அந்தக் காவலர்தான்.

எங்கள் ஊரில் பட்டா புத்தகம் என்கிற ரோந்துக் குறிப்பேடு வங்கி வாசலிலும் ஏடிஎம்மிலும் நகைக்கடைத் தெருவிலும் தொங்கும். ரோந்து வருகிறவர் வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார். வெளியூர் போகிறோம் என்று நிலையத்தில் முன்கூட்டிச் சொன்னால் பூட்டிய வீட்டையும் பார்த்துக்கொள்வார்கள். சம்பவத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டு கேட்டிலும் ஒரு புத்தகத்தைத் தொங்கவிட்டார்கள். கடைவீதியெல்லாம் முடித்துக்கொண்டு அவர் எங்கள் தெருவுக்கு வரும்போது மணி இரண்டு, இரண்டரை ஆகிவிடும். அம்மா அதுவரை முன்னறையில் உட்கார்ந்தே இருப்பார். பைக் சத்தம் கேட்டு, கேட்டில் பேனா உரசும் சத்தமும் கேட்ட பிறகுதான் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பார்.

தான் கையெழுத்துப் போட்டதும் அந்த வீட்டு விளக்கு அணைகிறது, தினமும் அணைகிறது என்பதை அவர் கவனித்திருக்கிறார். ஒருநாள் கேட்டுக்கு வெளியே நின்று, "ஏம்மா, நான் வர்றதுக்காகவா முழிச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் இல்ல தம்பி, தூக்கம் வரல" என்று அம்மா மழுப்பியிருக்கிறார். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து ரோந்து எங்கள் தெருவில் தொடங்கியது. பதினொரு மணிக்கெல்லாம் வந்து, "அம்மா, கையெழுத்துப் போட்டாச்சு, படுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் கடைவீதிக்குப் போவார். இதற்காக ரோந்து வரிசையையே மாற்றும்படி ஏட்டய்யாவிடம் பேசியிருக்கிறார். அவருக்கு லீவு வருகிற நாளில் மாற்று ஆளாக வருகிறவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நல்ல மழை பெய்த ஒரு ராத்திரியில் வேறு ஒரு குரல், "அம்மா, கையெழுத்துப் போட்டாச்சு, படுங்க" என்றதாம். அதே வார்த்தைகள். அன்றைக்குத்தான் அம்மா இந்த விஷயத்தை எனக்கு முதன்முதலாகச் சொன்னார், அதுவும் அழுதுகொண்டே.

ஊருக்கு வந்தபோது அவரைப் பார்த்து நன்றி சொன்னேன். அப்போது ஒரு சந்தேகமும் கேட்டேன். தினமும் ஒரே நேரத்துக்கு வந்தால் நோட்டம் பார்க்கிறவனுக்கு வசதியாகிவிடாதா? அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "முதல் கையெழுத்து அம்மா தூங்குறதுக்கு. ரெண்டாவது திருடனுக்கு. அது எப்போன்னு எனக்கே முன்கூட்டித் தெரியாது." இரண்டாவது தடவை வரும்போது தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, டார்ச் கூட அடிக்காமல் நடந்து வருவாராம். அம்மா ஆழ்ந்து தூங்கும் நேரத்தில் போடப்பட்ட அந்தக் கையெழுத்துகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றரை, நாலு மணி ஐந்து நிமிஷம், மூன்றே கால், மறுபடி ஒன்றரை. எந்த வரிசையிலும் அடங்கவில்லை.

நகையைக் கண்டுபிடித்ததில் அவருக்கு நேரடிப் பங்கு எதுவும் இல்லை. அதற்கு வேறு ஆட்கள் உழைத்தார்கள். இத்தனை வழக்கு பிடிபட்டது, இத்தனை பவுன் மீட்கப்பட்டது என்று நிலையத்தில் கணக்கு எழுதுவார்கள். தனியாக இருக்கும் ஒரு வயதான பெண்மணி பயமில்லாமல் கண் மூடியதை எந்தக் கணக்கில் எழுதுவது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தம்பி, எங்கள் குடும்பம் உங்களை மறக்காது.

மற்றவர்களுக்கு நான் சுருக்கமாகச் சொல்வதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புகாரை வாங்கிக்கொண்டதற்கான வெறும் மனு ரசீதோடு எங்களை அனுப்பிவிடப் பார்த்த ஒரு கட்டம் இருந்தது. அப்போது முதல் தகவல் அறிக்கையே போட்டாக வேண்டும் என்று நின்று, நகலையும் கையில் கொடுத்த பெண் உதவி ஆய்வாளருக்கு நன்றி. இதுபோன்ற குற்றத்துக்கு வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் சட்டம். நமக்கு இது தெரிந்திருப்பது நல்லது. குற்றப்பிரிவுக் காவலர்கள், கைரேகை எடுக்க வந்தவர்கள், யோசிக்காமல் கேமரா பதிவை எடுத்துக் கொடுத்த மொபைல் கடைக்காரர், திருட்டில் சம்பந்தப்பட்ட வண்டியை நினைவு வைத்திருந்த ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள், மாதக்கணக்காக எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொண்ட எதிர்வீட்டு அக்கா, தான் செய்த அட்டிகையைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொன்ன ஆசாரி மாமா, எல்லோருக்கும் நன்றி. வழக்கறிஞருக்கும் அவருடைய குமாஸ்தாவுக்கும் தனியாக ஒரு நன்றி. வழக்கு முடியும்வரை நகை நிலையத்துப் பெட்டியில்தான் கிடக்கும் என்று எங்களிடம் பலர் சொன்னார்கள். அப்படிக் கிடக்கத் தேவையில்லை, படம் எடுத்து, விவரம் எழுதி, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுக்கலாம் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர்தான் எடுத்துக் காட்டி மனுப் போட்டார். பில் தொலைந்துபோன நகைக்குக் கல்யாண ஆல்பம் கைகொடுத்தது. உங்கள் வீட்டு நகைகளையும் பில்லோடு வைத்து இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். தெருவே பயத்தில் இருந்த அந்த வாரத்தில் பெட்ஷீட் விற்க வந்த ஒரு வெளிமாநிலப் பையனைச் சிலர் சூழ்ந்துகொண்டார்கள். அவனுக்குத் தமிழ் சரியாக வரவில்லை. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. தையல்கடைப் பெரியவர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, அவனைத் தன் திண்ணையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "போலீஸ் வரட்டும், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்று குறுக்கே நின்றார். போலீஸ் வந்தது, விசாரித்தது, அவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அனுப்பிவைத்தது. 2018 மே மாதத்தில் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்களே, அதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் சுற்றியதும் இப்படிப்பட்ட பயம்தான். எங்கள் தெருவில் அப்படி ஒரு பாவம் நடக்காமல் காத்தவர் அந்தப் பெரியவர். ஐயா, நகை கிடைத்ததைவிட இது பெரிய உதவி.

இதையெல்லாம் நினைக்கும்போது எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருகிறது. பொதுமக்களைக் காவல்துறையோடு சேர்க்க வேண்டும் என்று 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பு 1993-இல் தொடங்கியது நம் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான். அப்போது இங்கே எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் தொடங்கியது. 1991-இல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் காயம்பட்டுப் பிழைத்த அதிகாரி அவர். அது மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் செத்துப்போனபோது அந்த அமைப்பின் மீதும் புகார் எழுந்து, அடுத்த மாதமே அரசு அதற்குத் தடை போட்டது. அந்தத் தடை சரி என்றே நினைக்கிறேன். லத்தியைப் பிடிக்கும் உரிமை பயிற்சி இல்லாத கைக்குப் போகக் கூடாது. சாத்தான்குளத்தை மறந்துவிட்டுப் போலீஸைப் பாராட்ட என்னால் முடியாது. எங்கள் தெருவில் ஒரு காவலர் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. சின்ன ஊரில் யார் வீட்டு விளக்கு எப்போது அணையும் என்று தெரிந்த ஒரு காவலர் இருந்தால், அவரிடம் ஜனங்கள் தாமாக வந்து விஷயம் சொல்வார்கள். ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள் அந்த வண்டியைப் பற்றி முதலில் சொன்னது இவரிடம்தான். தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போது தினமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர் என்பதால் சொன்னார்கள். மேலதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் இது: ஒரு தெருவைப் பழகிக்கொண்ட காவலரைக் கொஞ்ச காலமாவது அதே ரோந்தில் இருக்க விடுங்கள்.

எங்கள் பங்குக்குத் தெருக்காரர்கள் கூடிப் பேசிச் சில விஷயங்களை முடிவு செய்திருக்கிறோம். தெருக்கோடியில் எரியாத விளக்குகளுக்குப் பேரூராட்சியில் மனுக் கொடுத்தாயிற்று, எரியும்வரை விடமாட்டோம். கேமரா வாங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பணம் சேர்த்திருக்கிறோம். அதைப் பராமரிக்கும் செலவை வருஷா வருஷம் நான் ஏற்றுக்கொள்கிறேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் நிலையத்தில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். யார், எங்கே என்று தெரியாத எந்தத் தகவலையும் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது, அந்நிய முகம் என்பதற்காக யார் மேலும் கை வைக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைத் தையல்கடைப் பெரியவர் சொல்லச் சொல்ல எல்லோரும் ஒப்புக்கொண்டோம். நான் ஊரில் இல்லாவிட்டாலும் இதில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு கேட்டில் தொங்கும் பட்டா புத்தகத்தை அடுத்த தெருவில் தனியாக இருக்கும் டீச்சரம்மா வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி அம்மாவே நிலையத்தில் கேட்டிருக்கிறார். மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் நன்றி.

இப்படிக்கு,
அம்மாவுக்காகவும் எனக்காகவும்,
உங்கள் தெருப் பெண்