செஸ்நட் கன்றுகளைப் பற்றி அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலத்தையும் அம்மாவின் நலத்தையும் அறிய ஆவல். வீட்டுக்குப் பின்னாலுள்ள நிலத்தில் என்ன வளர்க்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். அங்கே வளர்பவை நமக்கான பயிர்கள் அல்ல. பென்சில்வேனியாவின் இந்த மலைக்காட்டில் வாழும் மான், கரடி, காட்டு வான்கோழி ஆகியவற்றுக்காக நான் விதையிட்டு வளர்க்கும், உண்ணக்கூடிய கொட்டைகளைத் தரும் செஸ்நட் மரங்கள்.

அமெரிக்காவின் கிழக்கே நீளும் இந்த அப்பலாச்சிய மலைகளில் ஒரு காலத்தில் அமெரிக்க செஸ்நட் மரங்கள் செறிந்திருந்தன. ஆசியாவிலிருந்து கன்றுகளோடு வந்து சேர்ந்த ஒரு பூஞ்சை நோய், 1904-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் கண்டறியப்பட்டு, அரை நூற்றாண்டுக்குள் 300 முதல் 400 கோடி மரங்களை அழித்துவிட்டது. மண்ணுக்குள் இருக்கும் வேரை அது கொல்வதில்லை. இன்றும் பழைய வேர்களிலிருந்து தளிர்கள் எழுகின்றன, ஆனால் பெரும்பாலும் காய்க்கும் முன்பே நோய் கண்டு பட்டுப்போகின்றன. காட்டுயிர்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை என்றே நினைக்கிறேன். ஓக் மரம் ஓராண்டு காய்களைக் கொட்டித் தீர்த்துவிட்டு மறு ஆண்டு பொய்த்துவிடும். செஸ்நட்டோ, உறைபனி ஓய்ந்து கோடை தொடங்கும்போது பூப்பதால், ஏறக்குறைய ஆண்டுதோறும் காய்க்கும். அதனால்தான் நோயைத் தாங்கும் சீன செஸ்நட்டையும் கலப்பின விதைகளையும் விதைக்கிறேன்.

இந்த விதையைத் தானியம்போல் காயவைத்துச் சேமிக்க இயலாது. உலர்ந்தால் உயிர் போய்விடும். இலையுதிர் காலத்தில் பொறுக்கியவுடன், லேசாக ஈரப்படுத்திய பீட் பாசியில் (சதுப்பு நிலப் பாசி மட்கிக் கிடைப்பது) கலந்து, 1 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் இரண்டு மூன்று மாதங்கள் வைக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் பூசணம் பிடிக்கும். வசந்தத்தை நெருங்கும்போது குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். ஆணிவேர் வேகமாக இறங்குவதால் ஆழமான தொட்டியில், விதையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுகிறேன். நல்ல வெயிலும், நீர் தேங்காத, சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணும் தேவை. ஈரக் களிமண்ணில் வேர் அழுகிவிடும்.

நிலத்தில் நட்ட பிறகும் கன்றின் அடியில் ஒட்டியிருக்கும் விதைக்காக அணில்கள் தோண்டும். துளிரை மான்கள் கடிக்கும். ஆகவே ஒவ்வொரு கன்றையும் ஐந்தடி உயரக் குழாயால் சூழ்ந்து, அதன் அடிப்பகுதியை மண்ணுக்குள் அழுத்திவைக்கிறேன். சிறு பறவைகள் உள்ளே விழுந்து சிக்காதபடி மேல்வாயில் வலை கட்டுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காட்டுயிர்களுக்காக மரம் நடுகிறவர்கள் அதை விடலாகாது. எந்த மானுக்காக வளர்க்கிறேனோ அந்த மானிடமிருந்தே இப்போது காக்க வேண்டியிருக்கிறது. மரம் அதன் வாய்க்கு எட்டாத உயரம் வளரும்வரை வேறு வழியில்லை.

தனி மரம் தன் மகரந்தத்தால் காய்ப்பது அரிது என்பதால் அருகருகே பல மரங்களாக நட்டிருக்கிறேன். சீன செஸ்நட் விதையிலிருந்து காய்ப்புக்கு வர ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் ஆகலாம். தாங்கள் வசந்தத்தில் வருவதாயிருந்தால் அது நடவுக் காலம். மலைச்சரிவின் மேற்பகுதியில் இன்னும் இடம் இருக்கிறது. அந்த மண்ணைத் தாங்களே பார்த்துச் சொல்ல வேண்டும்.

தங்கள் அன்பு மகள்