ஆறு கட்டில்களுக்கு நன்றி

ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் நூற்றாண்டையொட்டி வடோதராவில் நாங்கள் ஏற்பாடு செய்த நார்க்கலைக் (சணல், கயிறு, நெசவு வேலைகள்) கண்காட்சி பத்து நாள் தள்ளித் திறந்துவிட்டது. 23 படைப்புகளில் 22 சுவரேறிவிட்டன. விசுவாமித்திரி ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்து படைப்புகளை நனைத்த கதை உங்களுக்குத் தெரியும். நகக்கண்ணில் சேறு இருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி தாபாக்காரர் காகாவுக்கு. (குஜராத்தியில் காகா என்றால் சித்தப்பா. தமிழில் எழுதினால் கூரையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது, என்ன செய்ய!) சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க வந்தவர், மூங்கிலில் ஈரம் சொட்டத் தொங்கிய சணல் முடிச்சு வேலைகளைப் பார்த்ததும், "முதலில் கீழே இறக்குங்கள்" என்றார். அடுத்த நடையில் டெம்போவில் ஆறு கட்டில்கள் வந்து இறங்கின.

அவர் சொன்னது சரி. பருத்திபோல அல்ல சணல். நனைந்தால் வலு குறையும். தொங்கவிட்டால் குடித்த நீரின் பாரம் முழுவதும் மேல்வரிசை முடிச்சுகளில் விழுந்து உருவமே நீண்டுவிடும். தரையில் கிடத்தினால் அடிப்பக்கம் காயாது, இரண்டு நாளில் பூஞ்சை. கட்டிலில் பாரம் பரவுகிறது, காற்று இருபுறமும் போகிறது. இவை நைலான் நாடா பின்னியவை என்பதால் சாயமும் ஒட்டவில்லை. கால்களுக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, மின்விசிறியை நேராகக் காட்டாமல் கட்டிலுக்கு அடியில் ஓடவிட்டோம். உள்ளே கூடான உருவங்களுக்குப் பழைய கொசுவலையைச் சுருட்டித் திணித்தோம். துணி திணித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டோம்.

வெயிலில் மட்டும் போடவே கூடாது. மேல்நார் காய்ந்துவிடும், முடிச்சின் உள்வயிறு ஈரமாகவே இருக்கும். சணலில் உள்ள பழுப்பும் நீரோடு ஏறி, காயும் விளிம்பில் கறையாக நின்றுவிடும். அவசரத்தில் முதல் நாள் வெயில் கண்ட இரண்டு தொங்கல்களில் அந்தக் கறையைப் பார்க்கலாம். மறைக்கவில்லை.

காகா சொல்லித் தந்த இன்னொன்று பெரியது. முறுக்கிய கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். கயிற்றுக்கட்டிலின் கால்மாட்டுக் கயிற்றை அவ்வப்போது இழுத்துக் கட்டுவது அதற்காகவும்தான். எனவே முழுக்கக் காயும்வரை காத்திராமல், லேசான ஈரம் இருக்கும்போதே முடிச்சுகளை இழுத்து உருவத்தைச் சரிசெய்தோம். காய்ந்தபின் தொட்டிருந்தால் நார் முறிந்திருக்கும்.

சுப்ரமணியன் சார் இருந்திருந்தால் காகா பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பார் என்றே தோன்றுகிறது. 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்தவர். வடோதரா நுண்கலைக் கல்லூரி நடத்திய சந்தைக்கென்று மரத்திலும் தோலிலும் மணியிலும் பொம்மை செய்தவர். அவரிடம் படித்த மிருணாளினி முகர்ஜி கயிற்றையே முடிச்சிட்டுச் சிலையாக்கினார். கைவேலை கீழே, கலை மேலே என்ற படிக்கட்டு அந்த வகுப்பில் இல்லை.

சேறு காய்ந்து பிடிக்குமுன் அலச லாரித் தண்ணீர் பிடித்துத் தந்த தெருக்காரர்கள், ஜெனரேட்டர் தந்த பந்தல்காரர், சிறு நெசவுகளில் பூஞ்சை வராமல் நிறுத்த உறைபெட்டியைக் காலிசெய்த ஐஸ்கிரீம் கடைக்காரர், பழைய வெள்ளை வேட்டிகளை ஒற்றியெடுக்க அனுப்பிய தமிழ்க் குடும்பங்கள், தராசு தந்த பழைய இரும்புக் கடைக்காரர் — எல்லோருக்கும் நன்றி. அந்தத் தராசு இல்லையென்றால் காய்ந்ததா என்று தெரிந்தே இருக்காது. கைக்கு உலர்ந்ததாகப் படும், முடிச்சுக்குள் ஈரம் இருக்கும். வரவுப் பதிவேட்டில் எழுதியிருந்த எடைக்கு இறங்கினால்தான் நம்பலாம்.

இனி எடை எழுதாமல் எந்தப் படைப்பையும் வாங்குவதில்லை. இரும்புக் கொக்கியும் கிடையாது. துருக்கறை நாரை விட்டுப் போகாது, பித்தளைதான்.

ஐந்து கட்டில்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆறாவதில் கிடக்கும் தொங்கல் இன்னும் 400 கிராம் கூடுதலாக நிற்கிறது. இறங்கியதும் கொண்டுவந்து தருகிறோம், காகா.