மொட்டை மாடிக்குப் போ

மதுரை
10.7.2020

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு சுகர் ஏறியிருக்கிறது. பயப்படாதே, டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். ரேஸ்கோர்ஸ் மைதானத்து நடை நின்றதிலிருந்து காலும் வலிக்கிறதாம். இந்த வயதில் நடக்காமல் கிடந்தால் சதை சீக்கிரம் கரைந்துவிடும் என்கிறார்கள். அதனால் சாயங்காலம் இருவரும் மொட்டை மாடியைச் சுற்றுகிறோம். நீயும் மாடிக்குப் போ. காலை வெயில் மேலே படாமல் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தால் ராத்திரி தூக்கம் எப்படி வரும்?

ஜூன் 24-லிருந்து இங்கே முழு ஊரடங்கு. கபசுரக் குடிநீர் குடிக்கிறோம். உன் ரூமில் இருந்த பையன்கள் ஊரிலிருந்து திரும்பிவிட்டார்களா? நீயாக ஒன்றும் சொல்வதில்லை. உனக்கு போன் போட்டால் கொரோனா அறிவிப்பை முழுசாகக் கேட்கிறேன், அப்புறம் மணி அடித்து நின்றுவிடுகிறது. 'வேலையில் இருக்கிறேன்' என்று மெசேஜ் வருகிறது. சரி, வேலை இருப்பது நல்லதுதான். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சம்பளத்தை வெட்டிவிட்டார்கள், என் மகனை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் வீடியோவில் முகத்தைக் காட்டவுமா வேலை விடவில்லை? அம்மாதான் கேட்கிறாள்.

பெரியப்பா காரியத்துக்கு உனக்கு இ-பாஸ் கிடைக்காததை மனதில் வைத்துக்கொண்டே இருக்காதே. வந்திருந்தாலும் என்ன? 20 பேர் வரலாம் என்றார்கள், அவ்வளவு பேர்கூடச் சேரவில்லை. பெரியம்மாவைக் கட்டிப்பிடித்து அழ ஒருவரும் கிட்டே போகவில்லை. தெரு முழுக்க அவரவர் வாசலில் நின்று பார்த்தது. உன்னைத் தோளில் தூக்கி அழகரைக் காட்டிய மனுஷன், அழகரே ஆற்றில் இறங்காத வருஷத்தில் போய்விட்டார். செய்தி சொன்னபோது நீ 'சரிப்பா' என்று வைத்துவிட்டாய். அழுதிருக்கலாம்.

தூங்குகிறாயா? ராத்திரி மூன்று மணிக்கு வாட்ஸ்அப்பில் ஆன்லைன் என்று காட்டுகிறது. நான் எதற்கு அந்நேரம் பார்த்தேன் என்று கேட்காதே.

எதிர்வீட்டுப் பையன் யாரோடும் பேசாமல் கிடந்தான். 104-க்கு போன் போட்டார்கள். மனநல ஆலோசகர் ஒருவர் பொறுமையாகப் பேசினாராம். காசும் கிடையாது. சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன். நல்ல பையன், உன்னை மாதிரியே படிப்பில் கெட்டி.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் கொஞ்சம் நில். பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சலில் வருகிறது. கிடைத்ததும் போன் பண்ணு, மெசேஜ் வேண்டாம். ராத்திரி ஆனாலும் பரவாயில்லை. என் நம்பருக்கே போடு, அம்மா போன் சைலண்டில் இருக்கும்.

அப்பா